கம்பளிப்புழுவும் ஒரு ரிமோட்டும்

வீட்டில் டிவி ரிமோட் ஒருநாளும் டீச்சரின் கைக்கு வந்ததில்லை. இன்று எங்கோ தொலைவில் இருக்கும் ஆய்வகத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பையே வகுப்பிலிருந்தபடி மவுஸால் ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரையில் கம்பளிப்புழுவின் கால் தூண் மாதிரி நின்றது.

"நுனியில பாருங்க பிள்ளைங்களா, எத்தனை கொக்கி!"

சட்டென்று படம், ஆய்வகத்தில் புழுவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பட்டாம்பூச்சியின் இறக்கைக்குத் தாவியது. டீச்சர் படத்தைத் திரும்பக் காலுக்கு இழுத்தார். மறுபடியும் இறக்கை. இழுத்தார். மறுபடியும் இறக்கை!

ஆய்வகத்துக்குப் போன் போட்டார். "என்ன சார், உங்க மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். உங்க ஸ்கூல்லேருந்தே இன்னொரு வாத்தியாரும் ஓட்டுறாரு."

அதே நேரம் பக்கத்து வகுப்பிலிருந்து ஓர் அதட்டல் சுவரைத் தாண்டி வந்தது.

"யாரது, சும்மா சும்மா சேனலை மாத்துறது?"

வீட்டு சோபாவிலிருந்து தினமும் கேட்கிற அதே அதட்டல். டீச்சரின் வீட்டுக்காரர்!