விலை விழாத போஞ்சி

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஓர் எழுத்துப் பொய் இருந்தாலும் என் பல்செட் மகாவலி கங்கையோடு போகட்டும்.

வெளிநாடுகளில் வியாபாரம் படுத்துவிட்டதாம். கண்டி ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரர்கள் வரவில்லை. அவர்கள் வராததால் எங்கள் ஹேவாஹெட்டயில், ஹோட்டல்காரர்கள் பீன்ஸ் என்று கேட்கிற போஞ்சிக்காயின் விலை பாதியாகிவிட்டது.

காளிமுத்துவின் போஞ்சிக்கு மட்டும் பழைய விலை. மடவளைக் காய்கறிக் கடை ஹுஸைன் முதலாளியின் லொறி வந்து மரியாதையாக ஏற்றிக்கொண்டு போகும்.

“விலை விழுந்தா கொடியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, மறுபடி கொழும்புக்கு ராக்காவல் வாச்சர் வேலைக்குப் போயிருவேன்னு இருந்தேன். என் போஞ்சிக்கு உலகமே பயப்படுது” என்றார் காளிமுத்து. பெருமையில் வீங்கிய மார்பு பஸ் கதவுக்குள் நுழையாமல், எங்கே போனாலும் நடந்தே போனார்.

பக்கத்து நிலத்து ராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கூடை போஞ்சியோடு மடவளைக்கே பஸ் ஏறினாள்.

“மொதலாளி, ஒரே மண்ணு, ஒரே மழை. அவருக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலையா? அவரு என்ன ஒங்க சம்பந்தியா?”

ஹுஸைன் கதிரையை விட்டு எழும்பவில்லை. “கோவிக்காதீங்க தங்கச்சி. பின்னுக்குப் போய்ப் பாருங்க.”

கடையின் பின்னால், போஞ்சிக் குவியலுக்கு நடுவில் காளிமுத்துவின் மகள் கலாராணி. பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதாகத் தினமும் வீட்டைவிட்டுப் புறப்படுகிறவள். அந்த யூனிபோர்மோடேயே உட்கார்ந்து பூச்சிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஓடர் வரலைன்னு பெக்டரிய மூடிட்டாங்க அத்தை. இங்க என் சம்பளத்தை அப்பாவோட போஞ்சி விலையில சேர்த்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன். இல்லேன்னா அவரு கொழும்புக்குக் கெளம்பிருவாரு. போன தடவை நெஞ்சுவலியோடதான் திரும்பி வந்தாரு. சொல்லிறாதீங்க.”

ராக்கம்மா தன் கூடையைப் பாதி விலைக்கே கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

சந்தியில் காளிமுத்து நின்றார். “என்ன ராக்கம்மா, மொதலாளி விலை போட்டாரா?”

“எங்க போட்டாரு அண்ணே. ஒங்க போஞ்சியப் பார்த்த கண்ணுக்கு எங்களது வெறும் நாராத் தெரியுதாம். எனக்கும் ஒரு பிடி வெதை குடுங்க.”

யார் சொன்னது என்று காளிமுத்து கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானும் அவரிடம் விதை கேட்டுத்தான் நிற்கிறேன்.