சொம்புத் தண்ணீர்

பர்மா போர்முனையில் ஒரே தகரக் குவளையில் தண்ணீர் குடித்த முருகையனும் இருதயராஜும் விழுப்புரத்தில் ரயிலிறங்கி, முருகையன் வீட்டுக்கு நடந்தார்கள்.

“சேரிக்காரன் வாசப்படி ஏறினா உங்கம்மா பேஜாரு பண்ணுவாங்கடா,” என்றான் இருதயராஜ்.

“பண்ணட்டும். எங்க வீட்டுச் சொம்புலதான் நீ தண்ணி குடிக்கப் போற. எவன் கேக்கறான்னு பாத்துடறேன்.”

வாசலில் அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். உள்ளே போனவள், சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இருதயராஜிடம் நீட்டினாள்.

“குண்டடிபட்ட என் புள்ளய முதுகுல சுமந்துக்கினு வந்தவன் நீதானே? குடிப்பா.”

“நான் தர்றேம்மா,” என்று முருகையன் ஆசையாகச் சொம்பை வாங்கி, உயர்த்தி ஊற்றினான். இருதயராஜ் குனிந்து, இரு கைகளையும் குவித்துக் குடித்தான்.

“ஏன்டா, சொம்பைக் கையில குடுத்தா என்ன?” என்றாள் அம்மா.

அப்போதுதான் இருவரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.