ஐந்து நிமிடத்தில் இரண்டு மில்லி

"ஒண்ணுகூட மிச்சமில்லாம கொன்னுபுட்டியேலே."

பட்டறை முதலாளி சங்கரபாண்டியன் அய்யப்பனின் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அய்யப்பனின் உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. ரத்தம் சட்டைக் காலர் வரை இறங்கியிருந்தது.

செத்தவை பாக்டீரியாக்கள். பாலவனத்தத்துச் சாயப்பட்டறையின் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை. அவை வாழும் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அய்யப்பனின் வேலை.

காலையில் மோட்டார் ஓடியும் தொட்டியின் சவ்வு வடிகட்டியில் தண்ணீர் வரவில்லை. லேப் பெண் தங்கச்செல்வி கொஞ்சம் சகதியை எடுத்து வடிதாளில் ஊற்றிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் இருபது மில்லி இறங்க வேண்டும். இரண்டு மில்லிதான் இறங்கியது.

"பூச்சியெல்லாம் செத்துருச்சு சார். செத்ததுல இருந்து வந்த கோழை சவ்வை அடைச்சிருக்கு. யாரோ எதையோ கொட்டியிருக்காங்க."

அவள் சொன்னது அவ்வளவுதான்.

"புதன்கெழம பொல்யூசன் ஆபீசரு வாராரு. தண்ணி இப்பிடிக் கெடந்தா பட்டறைக்கு சீல் வச்சிருவாக. லீவு தரலங்குற ஆத்திரமாலே ஒனக்கு?"

"நா கொட்டல மொதலாளி. நேத்துப் பூரா ஒங்க வீட்டுலதான பந்தல் கட்டுனேன்."

"கட்டி முடிச்சுட்டு வந்து கொட்டியிருப்ப. வீடு எங்கன இருக்கு, ஒரு சொவருதான நடுவுல."

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மகளின் பூப்புச் சடங்குக்கு மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

"சார், அவர்தான்னு நான் சொல்லல" என்றாள் தங்கச்செல்வி. அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

சங்கரபாண்டியன் அய்யப்பனின் கையைத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் அழுத்தினார். மறுகையில் பைப் ரெஞ்சை எடுத்தார்.

"கொட்டுன கை இதுதானலே?"

முதல் அடியில் அய்யப்பன் கத்தினான். இரண்டாவது அடியில் எலும்பு நொறுங்கியது. மூன்றாவது அடியில் தொட்டியோரம் சரிந்தான். இரண்டு விரல்கள் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

சாயம் போடுகிறவர்கள் இரண்டு பேர் வந்து அவனை பைக்கில் நடுவில் உட்காரவைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "இனிமே இந்தப் பக்கம் வந்த, மறு கையும் இருக்காது" என்று சங்கரபாண்டியன் பின்னாலேயே சொன்னார். பிறகு குழாயைத் திறந்து ரெஞ்சைக் கழுவினார்.

சுவரின் சிறு கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி முருகலட்சுமி பட்டுச்சேலையில் வந்தாள்.

"என்னங்க, இங்க என்ன செய்றீக? எங்க அண்ணன் சீரோட வந்துட்டாக. போன தடவ தொட்டி நாத்தம் தாங்காம சாப்புடாமப் போனாகல்ல, இன்னிக்கு மூக்கப் பொத்தவே இல்ல."

அவள் தொட்டியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து மத்தியானமே ஒரு மூடை பிளீச்சிங் பவுடர நானே கொட்டிட்டேன்ல."