கறுப்பு கவுன் ஒத்திகை

"குடிச்சிருந்தியா?"

"இல்லைங்க மேடம்."

"தலையை நிமிர்த்திச் சொல்லு. குனிஞ்சா குடிச்சவன்னுதான் நினைப்பாங்க."

வக்கீலம்மா கறுப்பு கவுனை மாட்டிக்கொண்டுதான் ஒத்திகை பார்ப்பார். கோர்ட்டில் திடீரென்று அதைப் பார்த்துக் கட்சிக்காரர்கள் மிரண்டுவிடக் கூடாதாம். காலை வெயிலில் அவருக்கே கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

எதிரே நாற்காலி நுனியில் அந்த இளைஞன். பக்கத்தில் அவனுடைய அக்கா கணவர், மடியில் ஃபிளாஸ்க்கும் கையில் டம்ளருமாக, பரீட்சைக்குப் பிள்ளையைக் கூட்டி வந்த அப்பாவைப் போலத் தவித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நீ கூண்டுல ஏறணும். கார் மோதி ஒரு அம்மா செத்துப் போயிருக்காங்க. வெறும் கவனக்குறைவுன்னா சீக்கிரம் வெளியே வந்துடலாம். குடிச்சுட்டு ஓட்டினதுன்னு முடிவாச்சு, வருஷக்கணக்கா கம்பி எண்ண வேண்டியதுதான். புரியுதா?"

"புரியுதுங்க."

"நிக்காம போயிட்டு மறுநாள் காலையில சரண்டர் ஆயிருக்கே. ரத்தத்துல ஒண்ணும் இல்லை, நல்லது. ஆனா வண்டி ஆடி ஆடி வந்ததை ஒரு கடைக்காரர் பார்த்திருக்கார். உள்ளே இருந்த ஆளைப் பார்க்கலை. சீட்டுக்கடியில காலி மது பாட்டில் வேற. எல்லாம் உன் வாயிலதான் இருக்கு."

"சொல்லிடுவான் மேடம்," என்று முந்திக்கொண்டார் மாமா. "மாப்ள ஒரு சொட்டு தொட்டதில்லை. சொக்கத் தங்கம்."

"இப்படி ஒரு மாமா கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்பா. அவனவன் கேஸுன்னு வந்தா சொந்த அண்ணனே போனை எடுக்க மாட்டேங்கறான்."

மாமா வெட்கப்பட்டுக்கொண்டே டம்ளரில் காபி ஊற்றி மச்சானிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

வக்கீலம்மா எழுந்து எதிர்த்தரப்பு வக்கீலாக மாறினார். குரலிலும் கடுப்பு ஏறியது.

"அந்தம்மாவை எங்கே பார்த்தே?"

"திருப்பத்துலங்க. திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க. பிரேக் போட்டேன், நிக்கலை."

"அப்புறம்?"

"பயந்துபோய் ஓட்டிட்டு வந்துட்டேன்."

"வண்டியை விட்டு இறங்கவே இல்லையா?"

"இல்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல் தலையை லேசாகத் திருப்பினான். "இறங்கினதுதான்."

"மாப்ள! இறங்கலைன்னுதானே சொன்னே?"

"நீங்க சும்மா இருங்க சார். நீ சொல்லுப்பா."

"கால் நிக்கலை. கார்க் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்க முடிஞ்சுது." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே அவன் காத்திருந்தான், யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறவன் போல. "அவங்க ஒரு செருப்பு மரத்தடியில கிடந்தது. நாலு விரல்தான் அசைஞ்சுது. குடிக்கத் தண்ணி கேட்டாங்க."

வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது. "அப்போ உயிரோட இருந்தாங்களா?"

"ரொம்ப நேரம் இருந்தாங்க. வீட்ல பொண்ணு தனியா இருக்கா சார்னு சொன்னாங்க. கார்ல தண்ணி பாட்டில் இருந்தது. அதை எடுத்து..." அவன் மறுபடி காத்திருந்தான். "அதை எடுத்து, வாடை போகணும்னு வாயைக் கொப்புளிச்சு, அவங்க தலைமாட்டுலயே துப்பிட்டு, கார்ல ஏறிப் போயாச்சு."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். எத்தனையோ கொலைகாரர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தவர்தான். ஆனால் எவனும் இப்படி இதமான குரலில், ஏதோ பாவப்பட்ட பெண்பிள்ளை பேசுவதுபோல் பேசியதில்லை. அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"இதையெல்லாம் ஏன்டா முன்னாடியே சொல்லலை? வாடைன்னு நீயே சொல்றே! நாளைக்கு இதைச் சொன்னா கடவுளே கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு வந்தாலும் உன்னைக் காப்பாத்த முடியாது!"

கவுனைக் கழற்றி நாற்காலி மேல் வீசினார். சீனியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

மாமாவின் காலடியில் காபி கொட்டிக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மச்சானின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். அது ஐஸ் மாதிரி இருந்தது.

"என்னடா ஆச்சு உனக்கு? என் வேலை போயிட்டா அக்கா நடுத்தெருவுல நிப்பான்னு நீயாத்தானே பழியை ஏத்துக்கிட்டே! திருப்பம், பிரேக், பயம். அவ்வளவுதானே சொல்லிக் குடுத்தேன்? வாயைக் கொப்புளிச்சதை நான் உங்க அக்காகிட்டகூடச் சொல்லலையேடா!"

"நீங்க எங்கே மாமா சொன்னீங்க?" என்றான் மச்சான், அதே இதமான குரலில். மறுபடி தலையைப் பின்பக்கம் லேசாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டான். "அன்னிக்கு நான் வீட்ல தூங்கிட்டிருந்தேன், கார்ல நீங்க மட்டும்தான் இருந்தீங்க, அதையும் மறக்காம நாளைக்குச் சொல்லிடணுமாம்."