தகரக் கொட்டகையில் ஸ்டிரைக்

"பன்னெண்டு மணிக்கு மேல அந்தத் தகரக் கொட்டகைக்குள்ள வேலை பாக்க முடியாது. வருசத்துக்கு வருசம் வெக்கை ஏறுது" என்றாள் வீரலட்சுமி.

ஒச்சப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க தாத்தா காலத்துலயும் இதே வெயில்தான். பரம்பரை வழக்கத்த மாத்துனா ஊரு சிரிக்கும்."

"விடியக்காலையிலயே பட்டாசு மருந்து கலக்குற மாதிரி, வெயில் ஏறுமுன்னயே என் வேலையையும் முடிச்சிருதேன்."

"முடியாது."

"அப்ப இன்னையிலருந்து ஸ்டிரைக்!"

"இதெல்லாம் எவன் சொல்லிக் கொடுத்தான்?"

"நேத்து சாத்தூர் கூட்டத்துல சங்கத் தலைவரு மைக்குல முழங்குனாரே! பூமி சூடாகுதாம், மத்தியான வேலையை நிறுத்தணுமாம்."

பட்டாசுத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒச்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காலையிலேயே வடித்து ஆறிப்போன சோற்றை அவர் முன் வைத்தாள் மனைவி வீரலட்சுமி.

"சூடா வேணும்னா தகரக் கொட்டகை அடுப்படி திறந்துதான் கெடக்கு, தலைவரே!"