போன மாசத் தேதி

"ஆளு போயிட்டானாட்ட இருக்குதுங்க வக்கீலய்யா" என்றார் பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பன். குரல்தான் நடுங்கியது, காலையில் தின்ற இட்லியில் ஒன்றும் குறையவில்லை.

நேற்றுப் பொழுது சாய, டிரைவர் மாரப்பன் லீவு என்பதால் அவரே காரை ஓட்டிக்கொண்டு அவிநாசியிலிருந்து வந்திருக்கிறார். பூண்டி வளைவில் இடித்தவர், இறங்கிக்கூடப் பார்க்காமல் பறந்துவிட்டார். பெரிய மனிதர் அல்லவா!

"தடிய ஊனிட்டு ரோட்டோரமா நின்னானுங்க. ஹாரன் அடிச்சும் அசையல. திமிரு புடிச்சவன்!"

"நீங்க எறங்காததே நல்லதாப் போச்சுங்க" என்றார் வக்கீல் திருமூர்த்தி. "மன்னிப்புக் கேக்கப்படாது, ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கப்படாது. ரெண்டும் குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி."

அடடா, என்ன சட்டம்! அடிபட்டவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

"டிரைவர் ஓட்டுனான்னு சொல்லீரலாமுங்களா?"

"பத்தாதுங்க. நஷ்ட ஈடு காருக்குச் சொந்தக்காரர் தலையிலதான் விடியும். காரே உங்களுது இல்லைன்னா?"

அவ்வளவுதான். காரை மாரப்பனுக்கு விற்றுவிட்டதாகப் போன மாசத் தேதியில் பத்திரம் தயாரானது. கிரயம் முழுவதும் கைக்கு வந்துவிட்டதாகவும் எழுதினார்கள். மேனேஜரும் கணக்குப்பிள்ளையும் வெட்கமில்லாமல் சாட்சி போட்டார்கள்.

மாரப்பன் பேனாவைத் தொடவே பயந்தான். "நான் செயிலுக்குப் போயிட்டா என்ற பொண்டாட்டி சென்னம்மா என்னங்க பண்ணுவா?"

"என்ற சோத்தத் தின்னவன்தானேடா? போடு கையெழுத்த. இல்லீன்னா இன்னைக்கே வேலைய விட்டு நட!"

போட்டான். வக்கீல் பத்திரத்தையும் சாவியையும் அவன் கையிலேயே திணித்தார்.

"போலீசு கேட்டா நீதான் காட்டோணும். இனி பிரம்மாவே வந்தாலும் இதைப் பொரட்ட முடியாதுங்க முதலாளி!" என்று பல்லை இளித்தார்.

கம்பெனி வாசலில் செருப்புச் சத்தம். முதலாளி மேனேஜரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் வந்தது போலீஸ் இல்லை. தலையெல்லாம் கல்தூசி படிந்த ஒரு பெரியவர்.

"பூண்டியில சிலைப் பட்டறை வெச்சிருக்கறனுங்க. கோயில் வாசலுக்குச் செதுக்குன துவாரபாலகர ரோட்டோரம் நிறுத்தி வெச்சிருந்தேன். நேத்து உங்க நீலக் காரு இடிச்சு, சாமிக்கு மூக்கு ஒடஞ்சு போச்சுங்க."

"சிலையா?" சாமியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். போன உயிர் வந்ததும் போன திமிரும் கூடவே வந்துவிட்டது. "அட, மூக்குத்தானே! டேய் மாரப்பா, அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு சாவியக் கொண்டா."

மாரப்பன் பத்திரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். சாவியை மடியில் செருகிக்கொண்டு, பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மூக்குச் செலவ நான் குடுத்தர்றனுங்க. இடிச்சது என்ற காருதானுங்க."