மைக்கைப் பார்த்துப் பேசுங்க

"அந்தம்மாகிட்ட சொல்லு சார், நம்மகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு."

சொல்லிவிட்டு அம்புரோஸ் டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கப்பலில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவன். முழங்கை வரை கிரீஸ். சாப்பாட்டு நேரம் என்பதால் ராயபுரம் பக்கத்துத் துறைமுக வாசலில் கூட்டம் நெரிந்தது.

அந்தம்மா என்று அவன் சொன்னது இரண்டடி தள்ளி மைக்கோடு நின்ற ஃப்ளோரன்ஸை. வானொலி நிலையத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தவள். டேப் ரிக்கார்டரைத் தோளில் தொங்கவிட்டபடி கூட நின்றவர் குமாரவேல், நிலையத்து ஊழியர். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து இன்னும் மெட்ராஸ் வெயில் பழகாதவர்.

"ஏம்மா, இத்தனை பேர் நிக்கறாங்க. இந்த ஆளையே ஏன் புடிச்சுத் தொங்கறீங்க?"

"மத்தவங்கதான் மைக்கைப் பாத்ததும் கூட்டத்துல பேசற மாதிரி பேசறாங்களே சார்."

அது உண்மை. மூட்டை தூக்குகிற ஒருவர் 'பெருமதிப்பிற்குரிய வானொலிப் பெருமக்களே' என்று ஆரம்பித்து, நிறுத்தவே மறுத்துவிட்டார்.

"இவர் மட்டும் ஒழுங்காப் பேசுவார்னு எப்படித் தெரியும்?"

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது சார்."

குமாரவேல் பெருமூச்சு விட்டு இயந்திரத்தை ஓடவிட்டார்.

ஃப்ளோரன்ஸ் மைக்கை நீட்டினாள். "விஞ்ச் ஓட்டற வேலையைப் பத்தி நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."

அம்புரோஸ் குமாரவேலைப் பார்த்தான். "மேல தூக்குவோம், கீழ எறக்குவோம். அவ்ளோதான்னு சொல்லு சார்."

"என்னைப் பாக்காதய்யா, மைக்கைப் பாத்துப் பேசு."

"இந்த வேலைக்கு எப்படி வந்தீங்க?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"நடந்து வந்தேன்னு சொல்லு சார்."

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வுடாத அம்புரோசு!" என்று ஒரு குரல்.

"அவங்க காதுலதான் விழுதே!" குமாரவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்பளை கேட்டா பதில் சொல்ல மாட்டியா?"

"சொல்லிகினுதான கீறேன். உன்கிட்ட."

ஃப்ளோரன்ஸ் மைக்கைப் பெஞ்சில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது. கடைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனாள்.

குமாரவேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன்யா இப்படி? அந்தப் பொண்ணுக்கு இன்னிக்குப் பயிற்சி கடைசி நாள். துறைமுகத் தொழிலாளி பேட்டி ஒண்ணு நல்லபடியா கொண்டு போனாத்தான் வேலைக்கு எடுப்பாங்க."

"இல்லாங்காட்டி?"

"வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அம்புரோஸ் பீடியை உதட்டிலிருந்து எடுத்தான். "நாளைலேர்ந்து வூட்லயே இருக்குமா?"

"வேற என்ன பண்ணும்? அழும்."

"எடுத்துகினாங்கன்னா, அது பேசறது எங்க எங்க கேக்கும்? டீக்கடையிலல்லாம் கேக்குமா?"

"ரேடியோ இருக்கற இடமெல்லாம் கேக்கும்."

"நல்லாத்தான் பேசுதா?"

"அது படிச்சா எங்க நிலையத்துல கேன்டீன்காரன்கூட கரண்டியை வெச்சுட்டுக் கேக்கறான்யா."

அம்புரோஸ் பீடியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தான். பிறகு லுங்கியில் கையை அழுந்தத் துடைத்தான்.

"மிசின ஓட்டு சார்."

ஃப்ளோரன்ஸ் வந்தாள். மைக்கை எடுத்தாள். அவளைப் பார்க்கவில்லையே தவிர, இந்த முறை அவன் மைக்கைப் பார்த்துப் பேசினான்.

"நான் குந்திகினு கீற எடத்துலேர்ந்து கப்பலோட அடிவயிறு தெரியாதுங்க. மேல ஓரமா ஒருத்தன் நின்னுகினு கை காட்டுவான். வெரல மடக்கினா நிறுத்தணும், சுத்தினா தூக்கணும். விஞ்ச் போடற சத்தத்துல வாயால சொன்னா எவனுக்கும் கேக்காது."

"கையைத் தப்பாப் பாத்துட்டா?"

"கீழ கீறவன் சட்னி. ஒருக்கா எனக்கும் கண்ணு சொருகிச்சு. மூட்டை ஒரு ஆளு தலைய உரசிகினு போச்சு. அன்னிக்கு சாயந்திரம் அவன் கறிசோறு வாங்கிக் குடுத்தான். உசுரோட கீறேன்ல, அதுக்காவன்னான்."

கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டது. குமாரவேல் சுழலும் நாடாவையே பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா பேச்சே இல்லாம வேலை செய்யறது கஷ்டமா இல்லையா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"வேலையில பேசாம கீறது பழகிப்பூடும்." அம்புரோஸ் தொண்டையைச் செருமினான். "வூட்ல பேசாம கீறதுதான் பேஜாரு."

இயந்திரம் நின்றது. "பிரமாதம்!" என்றார் குமாரவேல். "வேலை உங்களுக்குத்தாம்மா. எல்லாம் நான் அந்த ஆளுக்கு எடுத்துச் சொன்னதால."

வேலைக்குத் திரும்பச் சங்கு ஊதியது. அம்புரோஸ் எழுந்தான். நாலு எட்டு வைத்தவன் நின்று, முதல் தடவையாக ஃப்ளோரன்ஸை நேராகப் பார்த்தான்.

"வூட்ல புளி தீந்துபூட்ச்சு. வேல முடிஞ்சு வர்சொல்ல வாங்கினு வா."

அவன் வாசலுக்குள் மறைந்ததும் குமாரவேல் திகைத்துப்போய்த் திரும்பினார். "யாரைம்மா சொல்லிட்டுப் போறான்?"

"என்னைத்தான் சார், எங்க வீட்டுக்காரர்" என்றாள் ஃப்ளோரன்ஸ், மைக் வயரைச் சுற்றியபடி. "நான் ரேடியோவுக்கு வந்த நாள்லேர்ந்து, சோறு வேணும்னாக்கூட பூனைகிட்டதான் சொல்லுவாரு."